லக்சம்பர்க்: பாறையில் பிறந்து இரும்பில் வளர்ந்த நாடு

ஐரோப்பாக் கண்டத்தின் படம் ஒன்றை எடுத்து மேசைமேல் விரித்துக்கொள்ளுங்கள். பிரான்சு, ஜெர்மனி, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளும் நெருங்கி வரும் இடத்தில் விரலை வையுங்கள். உங்கள் விரல் நுனி ஒரு முழு நாட்டையே மறைத்துவிட்டிருக்கும். அதுதான் லக்சம்பர்க்.

வடக்கு தெற்காக 82 கி.மீ.; கிழக்கு மேற்காக 57 கி.மீ.; பரப்பு 2,586 சதுர கி.மீ. விடியற்காலையில் சைக்கிளில் புறப்படும் ஓர் இளைஞர் இருட்டுவதற்குள் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடலாம். மக்கள்தொகை 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 6 லட்சத்து 80 ஆயிரம். கடற்கரை கிடையாது. உலகில் இன்று ‘கிராண்ட் டியூக்’ என்ற பட்டம் பூண்ட ஒருவரைத் தலைவராகக் கொண்ட நாடு இது ஒன்றே.

ஐரோப்பாவில் இதுபோன்ற சிறு சிறு அரசுகள் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை இன்று படத்தில் இல்லை. பெரிய நாடுகள் அவற்றை விழுங்கிவிட்டன. லக்சம்பர்க் மட்டும் எப்படித் தப்பியது? அதைச் சூழ்ந்திருப்பவையோ ஒன்றோடொன்று ஓயாது போரிட்ட வல்லரசுகள்! இக்கேள்விக்கு விடையை அரசர்களின் உடன்படிக்கைகளில் மட்டும் தேடினால் போதாது. அந்நாட்டின் பாறைகளிலும், ஊதுலையில் நிகழும் ஒரு வேதி வினையிலும் விடையின் ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

மூன்று வகை நிலம்

இத்தனை சிறிய நாட்டுக்குள் முற்றிலும் மாறுபட்ட நிலப் பகுதிகள் உள்ளன. வடக்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ‘ஓஸ்லிங்’ எனப்படும் மேட்டு நிலம். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப் பகுதியின் தொடர்ச்சி இது. நாட்டின் மிக உயரமான இடமாகிய க்னைஃப் இங்கேதான் இருக்கிறது. அதன் உயரம் 560 மீட்டர். பாறைகள் சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையுடையவை. தகடு தகடாகப் பிளக்கும் பலகைக்கல் வகையைச் சேர்ந்தவை. இவற்றின்மேல் படிந்துள்ள மண் மெல்லியது, புளிப்புத் தன்மையுடையது, சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் குறைந்தது. குளிரும் கடுமை. பயிர் செழிக்க வேண்டிய எதுவும் அங்கே இயற்கையாக அமையவில்லை.

தெற்கே எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு ‘கூட்லாண்ட்’. ‘நல்ல நிலம்’ என்று பொருள். மணற்கல், சுண்ணாம்புக்கல், களிமண் ஆகியவை அடுக்கடுக்காகப் படிந்த தாழ்நிலம் இது. கிழக்கு எல்லையில் மோசெல் ஆறு ஓடுகிறது. அதன் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்திருக்கின்றன.

கூட்லாண்டின் தென்மேற்கு மூலையில் பிரான்சை ஒட்டிச் செம்மண் நிலம் ஒன்று உண்டு. அதற்கு ‘மினெட்’ என்று பெயர். சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமில்லாத கடல் ஒன்று இருந்தது. அதன் அடியில் இரும்புச் சேர்மங்கள் கடுகு போன்ற சிறு சிறு உருண்டைகளாகப் படிந்தன. சிப்பிகளும் பிற கடல் உயிர்களின் ஓடுகளும் அவற்றோடு புதைந்தன. இன்று கடலே இல்லாத நாட்டுக்குப் பிற்காலத்தில் வாழ்வளித்த செல்வம், கடல் இட்டுச் சென்றதுதான்.

கடல் இல்லை என்றாலும் கடலுக்கு வழி உண்டு. மோசெல் ஆறு ஜெர்மனியில் கோப்ளென்ஸ் நகரருகே ரைன் ஆற்றில் கலக்கிறது. ரைன் வட கடலுக்குச் செல்கிறது. 1964ஆம் ஆண்டில் மோசெல் ஆற்றில் மடைகளும் அணைகளும் கட்டி முடிக்கப்பட்ட பின், பெரிய சரக்குப் படகுகள் லக்சம்பர்க்கின் மெர்ட்டெர்ட் துறைமுகம் வரை வருகின்றன.

பாறைமேல் ஒரு சிறு கோட்டை

நாட்டின் கதை 963ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அல்செட் என்ற சிறிய ஆறு வளைந்து வளைந்து மணற்கல்லை அறுத்து ஆழமான பள்ளத்தாக்கை உண்டாக்கியிருந்தது. அவ்வளைவின் நடுவே, மூன்று பக்கமும் செங்குத்தாக இறங்கும் ‘போக்’ என்ற பாறை நின்றது. சீக்ஃப்ரீட் என்ற பிரபு, ட்ரியர் நகரத்து மடம் ஒன்றுக்கு வேறு நிலத்தைக் கொடுத்து, இப்பாறையையும் அதன்மேல் இருந்த சிறு அரணையும் மாற்றாகப் பெற்றார். அந்த ஆவணத்தில் அரணின் பெயர் ‘லுசிலின்புர்ஹுக்’ என்று எழுதப்பட்டுள்ளது. ‘சிறு கோட்டை’ என்பதே இதன் பொருள். அச்சொல்லே மருவி லக்சம்பர்க் ஆயிற்று.

சீக்ஃப்ரீட் மணந்த மெலுசினா என்பவள் ஒரு நீர்மகள் என்றும், அவள் நீராடுவதை அவர் ஒளிந்து பார்த்தபோது பாறைக்குள் மறைந்துவிட்டாள் என்றும் அந்நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், பாறை என்னவோ உண்மை. பாறையே நாட்டின் முதல் மூலதனம்.

இச்சிறு கோட்டையிலிருந்து புறப்பட்ட அரச குடும்பம் 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பெருங்குடும்பங்களுள் ஒன்றாயிற்று. ஏழாம் ஹென்றி, நான்காம் சார்லஸ், சிகிஸ்மண்ட் ஆகிய மூவரும் புனித ரோமப் பேரரசர்களாக முடிசூடினர். 1348ஆம் ஆண்டில் பிராக் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் இந்த நான்காம் சார்லஸ்தான். அவருடைய தந்தை ஜான், பொகீமியாவின் அரசர். பார்வையை முற்றிலும் இழந்த நிலையிலும் 1346ஆம் ஆண்டில் கிரெசி போர்க்களத்துக்குச் சென்று உயிர்விட்டவர்.

ஆனால் பேரரசுக் கனவுகள் பொருளைத் தின்றன. நாடு அடகு வைக்கப்பட்டது. 1443ஆம் ஆண்டில் பர்கண்டியின் பிரபு பிலிப் நகரைக் கைப்பற்றினார். அன்று தொடங்கி ஏறத்தாழ 400 ஆண்டுகள் லக்சம்பர்க் பிறர் கைப்பொருளாகவே இருந்தது.

கோட்டை வளர்ந்தது, நாடு சுருங்கியது

பர்கண்டியருக்குப் பின் ஸ்பானியர், பிறகு பிரெஞ்சுக்காரர், மீண்டும் ஸ்பானியர், ஆஸ்திரியர், மறுபடியும் பிரெஞ்சுக்காரர், இறுதியாகப் பிரஷ்யப் படையினர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கோட்டைக்குள் புகுந்தனர். வந்தவர் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரு மதிலோ, ஒரு காவல் அரணோ, ஒரு சுரங்கப் பாதையோ சேர்த்துவிட்டுப் போயினர்.

1644ஆம் ஆண்டில் ஸ்பானியர் பாறைக்குள் சுரங்க அறைகளைக் குடையத் தொடங்கினர். 1684ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கோட்டைப் பொறியாளர் வோபான் நகரை முற்றுகையிட்டுப் பிடித்தார். பிடித்த கையோடு அதை மேலும் வலுப்படுத்தினார். பின்னர் ஆஸ்திரியர் சுரங்கங்களை நீட்டித்தனர். மொத்தத்தில் 23 கி.மீ. நீளத்துக்குப் பாறைக்குள் வழிகள் அமைந்தன. ஆயிரக்கணக்கான வீரர்களும், குதிரைகளும், பட்டறைகளும், சமையற்கூடங்களும் அதற்குள் அடங்கின. ‘வடக்கின் ஜிப்ரால்டர்’ என்று ஐரோப்பா இதை அழைத்தது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். கோட்டை வலுப்பெற வலுப்பெற நாட்டின் பரப்பு குறைந்துகொண்டே வந்தது. 1659ஆம் ஆண்டில் தெற்கே ஒரு பகுதி பிரான்சுக்குப் போயிற்று. 1815ஆம் ஆண்டில் வியன்னா மாநாடு லக்சம்பர்க்கை ஒரு ‘கிராண்ட் டச்சி’யாக உயர்த்தி நெதர்லாந்து மன்னரின் பொறுப்பில் விட்டது, அதே கையோடு கிழக்கே இருந்த பகுதிகளைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்தது. 1830ஆம் ஆண்டில் பெல்ஜியம் புரட்சி செய்து பிரிந்தது. அதன் விளைவாக 1839ஆம் ஆண்டு லண்டன் உடன்படிக்கைப்படி மேற்குப் பாதி பெல்ஜியத்தைச் சேர்ந்தது. பெல்ஜியத்தில் இன்றும் ‘லக்சம்பர்க்’ என்ற பெயரில் ஒரு மாநிலம் உண்டு. அதன் பரப்பு ஏறத்தாழ 4,440 சதுர கி.மீ. அதாவது, பிரிந்து போன துண்டு எஞ்சிய நாட்டைவிடப் பெரியது!

கோட்டை வேண்டும் என்பதற்காக வல்லரசுகள் இந்நாட்டைக் கவர்ந்தன. ஆனால் எந்த வல்லரசும் மற்றொன்றிடம் அது போவதைப் பொறுக்கவில்லை. இவ்விரண்டு விசைகளுக்கும் நடுவே நாடு தொங்கிக்கொண்டிருந்தது. எதிரெதிர் விசைகள் சமமாக இருக்கும்வரை பொருள் நகராது என்று இயற்பியலில் படிக்கிறோம். விசைகள் சமம் தவறியபோது என்ன ஆயிற்று?

1867: மதில்களை இடித்துப் பெற்ற வாழ்வு

1866ஆம் ஆண்டில் பிரஷ்யா ஆஸ்திரியாவை வென்றது. ஜெர்மன் கூட்டமைப்பு கலைந்தது. ஆனால் பிரஷ்யப் படை மட்டும் லக்சம்பர்க் கோட்டையை விட்டு வெளியேறவில்லை. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், நெதர்லாந்து மன்னர் மூன்றாம் வில்லியமிடமிருந்து லக்சம்பர்க்கை விலைக்கு வாங்க முயன்றார். மன்னரும் இசைந்தார். பிஸ்மார்க் குறுக்கே நின்றார். போர் மூளும் நிலை ஏற்பட்டது. மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

1867ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் லண்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரஷ்யப் படை வெளியேற வேண்டும்; லக்சம்பர்க் என்றென்றும் நடுநிலை நாடாக இருக்க வேண்டும்; கோட்டையை இடித்துவிட வேண்டும். யாருக்கும் கிடைக்கக்கூடாத பொருளை உடைத்துப் போட்டுவிடுவது என்பதே இதன் உட்கருத்து.

900 ஆண்டுகளாகக் கட்டியதை இடிக்க 16 ஆண்டுகள் பிடித்தன. செலவை லக்சம்பர்க்கே ஏற்க வேண்டியிருந்தது. மேலே இருந்த மதில்களைத் தகர்த்தார்கள்; ஆனால் பாறைக்குள் இருந்த சுரங்கங்களை முழுவதும் தகர்த்தால் அவற்றின்மேல் நின்ற வீடுகளும் சரிந்துவிடுமே! ஆகவே 17 கி.மீ. அளவுக்கு அவை எஞ்சின. பிற்காலத்தில் இரண்டு உலகப் போர்களின்போதும் மக்கள் குண்டுவீச்சுக்குத் தப்ப அங்கே ஒளிந்துகொண்டனர். பழைய நகரையும் கோட்டையையும் 1994ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

கோட்டை போயிற்று. நாடு தனித்து நின்றது. சரி, எதை வைத்துப் பிழைப்பது?

பயன்படாத செல்வம்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் லக்சம்பர்க்கின் மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் ஏழை உழவர்கள். உருளைக்கிழங்கும் கம்பு வகைத் தானியமுமே உணவு. விளைச்சல் பொய்த்தால் பட்டினிதான். பல்லாயிரக்கணக்கானோர் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். வேறு பலர் பிழைப்புத் தேடி பாரிசுக்குச் சென்றனர்.

காலடியில் இரும்பு இல்லாமல் இல்லை. தெற்கே செம்மண் நிலத்தில் கனிமம் மிகுதியாகக் கிடந்தது. ஆனால் அதில் இரண்டு குறைகள். முதலாவது, இரும்பின் அளவு சுமார் 30 விழுக்காடுதான். ‘மினெட்’ என்ற பிரெஞ்சுச் சொல்லே ஒரு செல்லமான ஏளனம். ‘சின்னச் சுரங்கம்’ என்பது போன்ற பொருள். இரண்டாவது குறை இன்னும் பெரியது. அக்கனிமத்தில் பாஸ்பரஸ் கலந்திருந்தது.

பாஸ்பரஸ் கலந்தால் என்ன? வார்ப்பிரும்பு செய்து அடுப்பும் குழாயும் வார்க்கலாம். ஆனால் நல்ல எஃகு செய்ய முடியாது. ஒரு விழுக்காட்டில் சில பத்தில் ஒரு பங்கு பாஸ்பரஸ் இருந்தாலும் எஃகு குளிரில் நொறுங்கும் தன்மை அடைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட எஃகால் செய்த தண்டவாளம் குளிர்கால இரவில் ரயில் ஓடும்போது கண்ணாடிபோல் முறியக்கூடும்.

1856ஆம் ஆண்டில் ஹென்றி பெஸ்ஸமர் என்ற ஆங்கிலேயர் எஃகு செய்யப் புதிய முறை ஒன்றை அறிவித்திருந்தார். உருகிய வார்ப்பிரும்பைப் பேரிக்காய் வடிவக் கலன் ஒன்றில் ஊற்றி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தினார். இரும்பிலுள்ள கரியும் சிலிக்கனும் எரிந்தன. எரிவதால் பிறக்கும் வெப்பமே இரும்பை உருகிய நிலையில் வைத்திருந்தது. தனி எரிபொருள் தேவைப்படவில்லை. சுமார் 20 நிமிடத்தில் பல டன் எஃகு தயார்! உலகமே வியந்தது. ஆனால் பாஸ்பரஸ் மட்டும் அக்கலனில் அகலவே இல்லை. பாஸ்பரஸ் இல்லாத கனிமம் கிடைத்த நாடுகள் செழித்தன. லக்சம்பர்க்கும் அதன் அண்டையிலிருந்த லொரேன் பகுதியும் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு நீதிமன்ற எழுத்தர்

இச்சிக்கலை அவிழ்த்தவர் பெரிய தொழிலதிபரோ பல்கலைக்கழகப் பேராசிரியரோ அல்லர். சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ் என்ற இளைஞர். லண்டனில் ஒரு போலீஸ் நீதிமன்றத்தில் எழுத்தர். பகலில் வேலை, மாலையில் வேதியியல் வகுப்பு. பெஸ்ஸமர் கலனில் பாஸ்பரசை நீக்கும் வழி காண்பவருக்குப் பெருஞ்செல்வம் காத்திருக்கிறது என்று அவ்வகுப்பில் கேட்ட சொல் அவர் மனத்தில் தைத்தது.

தாமஸ் எண்ணிய வழியை நாமும் படிப்படியாக எண்ணிப் பார்ப்போம். காற்றில் எரியும்போது பாஸ்பரஸ் ஆக்சைடாக மாறுகிறது. இது அமிலத்தன்மை கொண்டது. பெஸ்ஸமர் கலனின் உட்சுவர் சிலிக்காச் செங்கல்லால் ஆனது. சிலிக்காவும் அமிலத்தன்மை கொண்டதே. அமிலம் அமிலத்தோடு சேராது. ஆகவே பாஸ்பரஸ் ஆக்சைடைப் பிடித்து வைத்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. அது மீண்டும் பாஸ்பரசாகி இரும்புக்கே திரும்பிவிடுகிறது.

அப்படியானால் காரத்தன்மை உள்ள சுண்ணாம்பைப் போட்டால் என்ன? போடலாம், ஆனால் சுண்ணாம்பு முதலில் சிலிக்கா உட்சுவரையே தின்றுவிடும். கலன் பாழாகும். ஆகவே உட்சுவரும் காரத்தன்மை உடையதாக இருக்க வேண்டும். தாமசும், வேல்ஸ் நாட்டு இரும்பாலை ஒன்றில் வேதியியலாளராக இருந்த அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பெர்சி கில்கிறிஸ்ட்டும் பல சோதனைகளுக்குப் பின் ஒரு வழி கண்டனர். சுட்ட டோலமைட்டைத் தாருடன் பிசைந்து உட்சுவர் அமைத்தனர். இரும்போடு சுண்ணாம்பையும் இட்டனர். பாஸ்பரஸ் ஆக்சைடு சுண்ணாம்புடன் கூடிக் கால்சியம் பாஸ்பேட்டாகிக் கசடில் மிதந்தது. கசடை வடித்துவிட்டால் கீழே நல்ல எஃகு.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. கரி முழுவதும் எரிந்து முடிந்த பிறகும் சில நிமிடங்கள் காற்றைச் செலுத்தியாக வேண்டும். அப்போதுதான் பாஸ்பரஸ் எரியும். அந்நேரத்தில் உலோகத்தைச் சூடாக வைத்திருப்பது எது? பாஸ்பரஸ் எரிவதால் வரும் வெப்பமேதான். எனவே இம்முறைக்குப் பாஸ்பரஸ் குறைந்த இரும்பு ஏற்றதன்று. இரண்டு விழுக்காட்டை ஒட்டிய அளவு பாஸ்பரஸ் கலந்த இரும்பே வேண்டும். நேற்று வரை குறை என்று ஒதுக்கியது, இன்று தேவையான எரிபொருளாயிற்று!

1879ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில் இம்முறை வெற்றியாகச் செய்து காட்டப்பட்டது. அதே மாதத்தில் லக்சம்பர்க்கின் மெட்ஸ் குடும்பத்து நிறுவனம் இதற்கான உரிமத்தை வாங்கிவிட்டது. டியூடலாஞ் என்ற ஊரில் புதிய எஃகாலை எழுந்தது. 1886ஆம் ஆண்டில் அங்கே முதல் எஃகு வார்க்கப்பட்டது. 1913ஆம் ஆண்டில் இச்சிறு நாடு ஏறத்தாழ 25 லட்சம் டன் வார்ப்பிரும்பை உருக்கியது. தாமஸ் இந்த வளர்ச்சியைக் காணவில்லை. நுரையீரல் நோயால் 1885ஆம் ஆண்டில், 34ஆம் வயதில் அவர் மறைந்துவிட்டார்.

கசடும் வயலும்

எஃகாலைகளின் வெளியே கசடு மலைபோல் குவிந்தது. கசடு என்றால் கழிவு என்றுதானே நினைப்போம்? ஆனால் இக்கசடில் இருப்பவை யாவை? சுண்ணாம்பும் பாஸ்பேட்டும். ஓஸ்லிங் மேட்டு நிலத்தில் எவை குறைந்திருந்தன என்று முன்பு சொன்னேன்? அதே சுண்ணாம்பும் பாஸ்பேட்டும்!

கசடை மாவாக அரைத்து வயலில் தூவினார்கள். ‘தாமஸ் மாவு’ என்று அதற்குப் பெயர் வந்தது. புளிப்பு மண்ணின் புளிப்பைச் சுண்ணாம்பு முறித்தது. பாஸ்பேட்டு பயிரின் வேரை வளர்த்தது. முட்புதர் மண்டிக் கிடந்த மேடுகள் வயல்களாயின. தெற்கின் ஆலைக் கழிவு வடக்கின் உழவனுக்கு உரமாயிற்று. ஒரே நாட்டின் இரு கோடிகளிலும் இருந்த இரு குறைகள் ஒன்றையொன்று நிரப்பிக்கொண்ட இந்நிகழ்ச்சி, நிலவியலையும் வேதியியலையும் வேளாண்மையையும் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கும் நாம் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று.

ஆட்கள் ஊரைவிட்டு ஓடிய நாட்டுக்கு இப்போது ஆட்கள் வரத் தொடங்கினர். சுரங்கத்துக்கும் ஊதுலைக்கும் இத்தாலியரும் ஜெர்மானியரும் வந்தனர். 1890ஆம் ஆண்டில் நெதர்லாந்து மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தபோது நசாவ் குடும்பத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த அடால்ஃப் கிராண்ட் டியூக் ஆனார். நாட்டுக்குத் தனி அரச குடும்பமும் கிடைத்தது. 1911ஆம் ஆண்டில் எஃகு நிறுவனங்கள் சில ஒன்றிணைந்து ‘ஆர்பெட்’ என்ற பெருநிறுவனமாயின.

மூன்று கேள்விகள், ஒரே விடை

காகிதத்தில் எழுதிய நடுநிலைமை வாழ்வளித்தது உண்மை, காவல் அளிக்கவில்லை. 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஜெர்மன் படை நுழைந்தது. 1940ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் மீண்டும் நுழைந்தது. இரண்டாம் முறை வந்தவர்கள் நாட்டின் பெயரையே அழிக்க வந்தனர். லக்சம்பர்க் மக்கள் பேசும் மொழி ஜெர்மன் மொழிக் குடும்பத்தின் ஒரு கிளை. ஆகவே அவர்களும் ஜெர்மானியரே என்பது நாசிகளின் வாதம். பிரெஞ்சு மொழி தடை செய்யப்பட்டது. ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் மாற்றப்பட்டன. யூதர்கள் நாடு கடத்தப்பட்டனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

1941ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாளுக்கு ஒரு கணக்கெடுப்பு குறிக்கப்பட்டது. அதில் மூன்று கேள்விகள்: உன் குடியுரிமை எது? உன் தாய்மொழி எது? உன் இனம் எது? ‘ஜெர்மன்’ என்று எழுத வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினர். தலைமறைவாக இயங்கியவர்களோ ‘மூன்று முறையும் லக்சம்பர்க் என்றே எழுதுங்கள்’ என்று துண்டுத்தாள் மூலம் பரப்பினர். முன்கூட்டி எடுத்துப் பார்த்த மாதிரியிலேயே மக்களில் மிகப் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதியிருந்தனர். அதிகாரிகள் கணக்கெடுப்பையே கைவிட்டனர்.

1942ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் லக்சம்பர்க் இளைஞர்கள் ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர வேண்டும் என்ற ஆணை வந்தது. மறுநாள் வடக்கே வில்ட்ஸ் நகரில் வேலைநிறுத்தம் வெடித்தது. தெற்கே ஷிஃப்லாஞ் எஃகாலையில் ஒரு தொழிலாளி ஆலைச் சங்கை ஒலிக்கச் செய்தார். ஆலைகள், அஞ்சல் நிலையங்கள், பள்ளிகள் என வேலைநிறுத்தம் பரவியது. அடக்குமுறை உடனே வந்தது. தொழிலாளர், அலுவலர், ஆசிரியர் என 20 பேரைச் சுட்டுக் கொன்றனர். சங்கு ஒலிக்கச் செய்தவருக்குத் தலை வெட்டப்பட்டது. அவர் பிறப்பால் ஜெர்மானியர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கட்டாயப் படைக்கு இழுக்கப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை. 1944ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்டென் மலைப் பகுதியில் நடந்த கடைசிப் பெரும் போர் ஓஸ்லிங் ஊர்களைத் தரைமட்டமாக்கியது. எனினும், தாங்கள் ஒரு தனி நாட்டவர் என்ற உணர்வு இம்மக்களிடம் உறுதிப்பட்டது அந்த ஆண்டுகளில்தான் எனலாம். 1839இல் எல்லைக் கோடு போட்டவர்கள் வல்லரசுகள். 1941இல் அக்கோட்டுக்குப் பொருள் கொடுத்தவர்கள் மக்கள்.

இரும்பிலிருந்து ஒன்றியம்

போருக்குப் பின் லக்சம்பர்க் நடுநிலையைக் கைவிட்டது. 1949ஆம் ஆண்டில் நேட்டோ அமைப்பின் நிறுவன உறுப்பினராயிற்று. 1950ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு திட்டத்தை அறிவித்தார். பிரான்சும் ஜெர்மனியும் தம் நிலக்கரியையும் எஃகையும் பொதுவான ஓர் ஆணையத்தின்கீழ் வைத்துவிட்டால், ஒருவர் அறியாமல் மற்றவர் பீரங்கி செய்ய முடியாது என்பதே அதன் கருத்து. ஷூமன் பிறந்த ஊர் எது தெரியுமா? லக்சம்பர்க் நகரம்தான். 1952ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்த ஆணையம் வேலையைத் தொடங்கியதும் இதே நகரில்தான். இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் அதிலிருந்து வளர்ந்தது. ஒன்றியத்தின் நீதிமன்றம் இன்றும் அங்கேயே உள்ளது. மோசெல் கரையிலுள்ள ஷெங்கன் என்ற சிற்றூரருகே ஒரு படகில் வைத்து 1985ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் எல்லைச் சோதனைகளை நீக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மதில்களுக்குப் பேர்போன நாட்டின் பெயரோடு எல்லைகளைத் திறந்த செயலும் சேர்ந்துகொண்டது.

அலைகளும் அணையும்

இயற்பியல் மாணவர்களுக்கு லக்சம்பர்க் வேறு வகையிலும் அறிமுகமாக வேண்டிய நாடு. ஒளியின் குறுக்கீட்டு விளைவைக் கொண்டு வண்ணப்படம் எடுத்து, 1908ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற காப்ரியேல் லிப்மன் 1845ஆம் ஆண்டில் பிறந்தது இங்கேதான். 1933ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஒரு பெரிய வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டில் நெதர்லாந்தில் சுவிட்சர்லாந்து நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்த டெலகன் என்ற விஞ்ஞானி, அதன் பின்னணியில் லக்சம்பர்க் நிலையத்தின் நிகழ்ச்சி மெலிதாகக் கேட்பதைக் கவனித்தார். இரண்டின் அலைவெண்களோ வெகுதொலைவு வேறுபட்டவை! காரணம் வானில் இருந்தது. வலிமை மிக்க லக்சம்பர்க் அலை, அயனி மண்டலத்திலுள்ள எலக்ட்ரான்களைச் சூடாக்கியது. அதன் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அவ்வழியே சென்ற மற்ற அலை உறிஞ்சப்படும் அளவும் மாறியது. இன்றும் இவ்விளைவுக்கு ‘லக்சம்பர்க் விளைவு’ என்றே பெயர்.

வடகிழக்கே வியாண்டன் என்ற ஊரில் அவுர் ஆற்றில் ஓர் அணை உண்டு. 1964ஆம் ஆண்டு முதல் இயங்கும் நீரேற்று மின் நிலையம் அது. மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நேரத்தில் ஆற்று நீரைச் சுமார் 280 மீட்டர் உயரத்திலுள்ள நீர்த்தேக்கத்துக்கு ஏற்றுகிறார்கள். தேவை மிகும்போது கீழே விட்டு மின்சாரம் பெறுகிறார்கள். ஒரு டன் நீர் அவ்வுயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவிடும் ஆற்றலை நீங்களே கணக்கிடுங்கள். 1000 × 9.8 × 280 = 27,44,000 ஜூல்; அதாவது ஏறத்தாழ முக்கால் யூனிட். அந்நிலையத்தின் திறன் இன்று 1,000 மெகாவாட்டுக்கும் மேல். மேட்டு நிலத்தின் ஆழமான பள்ளத்தாக்கும் இவ்வாறு பயனுக்கு வந்துவிட்டது.

இன்றைய கேள்வி

1974ஆம் ஆண்டில் எஃகு உற்பத்தி 60 லட்சம் டன்னைத் தாண்டியது. அதுவே உச்சம். அடுத்த ஆண்டே உலகச் சந்தை சரிந்தது. 1981ஆம் ஆண்டில் கடைசி இரும்புச் சுரங்கமும், 1997ஆம் ஆண்டில் கடைசி ஊதுலையும் மூடப்பட்டன. இன்று பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கியே அங்கே எஃகு செய்கிறார்கள். ஆர்பெட் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் ஆர்சிலாரில் கலந்தது. 2006ஆம் ஆண்டில் அதை வாங்கியவர் ராஜஸ்தானில் பிறந்த லட்சுமி மிட்டல். ஆர்சிலார்மிட்டலின் தலைமையகம் லக்சம்பர்க் நகரிலேயே இருக்கிறது. பெல்வால் என்ற இடத்தில் ஓய்ந்துபோன ஊதுலைகளை இடிக்காமல் நிறுத்தி, அவற்றைச் சுற்றிப் பல்கலைக்கழகம் கட்டியிருக்கிறார்கள்.

இரும்பின் இடத்தை வங்கிகளும் செயற்கைக்கோள்களும் பிடித்தன. 1985ஆம் ஆண்டில் எஸ்.இ.எஸ். என்ற செயற்கைக்கோள் நிறுவனம் தோன்றியது; 1988ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் முதல் செயற்கைக்கோள் அஸ்ட்ரா 1ஏ ஏவப்பட்டது. வருமானம் பெருகியது. எல்லாம் பாராட்டத்தக்க வழியில் வந்ததென்று சொல்வதற்கில்லை. பன்னாட்டு நிறுவனங்களுக்கு லக்சம்பர்க் அளித்த வரிச் சலுகைகள் 2014ஆம் ஆண்டில் அம்பலமானபோது ஐரோப்பா முழுவதும் கண்டனம் எழுந்தது.

இன்று அந்நாட்டில் வாழ்வோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டவர். அவர்களுள் போர்த்துகீசியரே மிகுதி. இவர்களைத் தவிர இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அண்டை நாடுகளிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வந்து திரும்புகின்றனர். வெளிநாட்டவருக்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை அளிக்கலாமா என்று 2015ஆம் ஆண்டில் மக்களிடம் கேட்டபோது, 78 விழுக்காட்டினர் ‘கூடாது’ என்றனர். சிறிய மொழியையும் சிறிய நாட்டையும் காக்க விரும்புவோரின் அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் சுரங்கத்தில் இறங்கியவர்களும் சங்கை ஒலிக்கச் செய்தவரும் பிறந்தது எங்கே என்பதும் அந்நாட்டு வரலாற்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் எப்படி இணைப்பது என்பதற்கு அவர்கள் இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

வேதியியல் பாடநூலில் ‘பாஸ்பரஸ் மிகுந்த இரும்புக்குக் கார உட்சுவர் பயன்படுத்தப்படுகிறது’ என்று ஒரு வரி வரும். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண். அடுத்த முறை அவ்வரியைப் படிக்கும்போது, அதற்கு முன் மூட்டையோடு கப்பலேறிய உழவர்களையும், அதற்குப் பின் அரைத்த கசடைத் தன் வயலில் தூவிய உழவரையும் சற்றே எண்ணிப் பாருங்கள்.